ரூ.1 லட்சம், ஒரு ஆப், நடுவுல டீலரே இல்லை... எலெக்ட்ரிக் பைக் புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

ராத்திரி பதினொரு மணி. ரீல்ஸ் பார்த்துட்டு இருக்கீங்க. நடுவுல ஒரு விளம்பரம். பளபளன்னு ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், 'வெறும் 499 ரூபாயில் புக் செய்யுங்கள்'னு ஒரு பட்டன். ஷோரூம் போக வேண்டாம், சேல்ஸ்மேன்கிட்ட பேச வேண்டாம், பேரம் பேசத் தெரியாத குறையும் கிடையாது. கலரைத் தேர்ந்தெடுத்து, பான் கார்டை அப்லோடு பண்ணினா லோனும் ஆப்லயே ரெடி. பீட்சா ஆர்டர் பண்ற மாதிரிதான்.

பீட்சா சரியில்லைன்னா நஷ்டம் 400 ரூபாய். இது பலருக்கு வாழ்க்கையின் முதல் இ.எம்.ஐ. ஒரு லட்ச ரூபாயை 11 சதவிகித வட்டியில் மூணு வருஷத்துக்கு எடுத்தா, மாசம் சுமார் 3,270 ரூபாய் கட்டணும். பைக் ஓடினாலும் கட்டணும், சர்வீஸ் சென்டர்ல தூசி படிஞ்சு நின்னாலும் கட்டணும். அதனால, இந்த 'நேரடி விற்பனை' எப்படி வேலை செய்யுது, எங்கே சொதப்புதுன்னு கொஞ்சம் விவரமா பார்த்துடலாம். (ஸ்கூட்டரையும் நாம பைக்னுதானே சொல்றோம்? இங்கேயும் அப்படியே.)

நடு ஆளைத் தூக்கிட்டா விலை குறையுமா?

வழக்கமான கதை உங்களுக்கே தெரியும். கம்பெனி வண்டியைத் தயாரிச்சு டீலருக்கு விற்கும். டீலர் தன் லாபத்தை வெச்சு நமக்கு விற்பார். 'அந்த டீலரை எடுத்துட்டா, அவரோட பங்கை விலையில் குறைக்கலாமே' என்பதுதான் நேரடி விற்பனையின் அடிப்படை. கார் உலகத்தில் டெஸ்லா பிரபலமாக்கிய வழி இது.

இந்தியாவில் 2019-லேயே ரிவோல்ட் நிறுவனம் ஆர்.வி.400 பைக்கை ஆன்லைன் புக்கிங்கோடு கொண்டுவந்தது. முன்பணமே இல்லாம 37 மாசத்துக்கு மாதத் தவணை என்று, ஏதோ போன் பிளான் மாதிரி விற்றாங்க. ஆனா, இந்த விஷயத்தை ஊரே பேசும் அளவுக்குக் கொண்டுபோனது ஓலா எலெக்ட்ரிக். தயாரிப்பு நடப்பது நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில், சுமார் 500 ஏக்கர் தொழிற்சாலையில்.

2021 ஜூலையில் 499 ரூபாய்க்கு முன்பதிவு தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் புக் பண்ணியதாக அந்த நிறுவனம் அறிவிச்சது. ஆகஸ்ட் 15-ல் விலை சொன்னாங்க. எஸ்1 ரூ.99,999. எஸ்1 புரோ ரூ.1,29,999. செப்டம்பரில் ரெண்டே நாள் விற்பனையில் ரூ.1,100 கோடிக்கு மேல ஆர்டர் வந்ததா சொன்னாங்க. இதுல கவனிக்க வேண்டிய சங்கதி ஒண்ணு இருக்கு. டெஸ்ட் ரைடு தொடங்கினது நவம்பரில்தான். பெங்களூருலயும் சென்னையிலயும் முதல் டெலிவரி நடந்தது டிசம்பர் 15-ல். அதாவது, ஓட்டிப் பார்க்காத, ரோட்டுல ஒருத்தர்கூட ஓட்டிப் பார்த்திராத வண்டிக்கு, பெரும்பாலும் இளைஞர்கள், ஆயிரக்கணக்கில் பணம் கட்டினாங்க. தப்புன்னு சொல்ல வரலை. பெட்ரோல் நூறு ரூபாயைத் தொட்ட வருஷம் அது.

ஓசூரில் வண்டி தயாரிக்கிற ஏத்தர் வேற பாதையில போச்சு. சென்னை ஐ.ஐ.டி-யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் தொடங்கிய கம்பெனி. ஆன்லைன் புக்கிங் உண்டு, கூடவே நேரில் பார்த்து, ஓட்டிப் பார்க்க அனுபவ மையங்களும் உண்டு. அந்த மையங்களைப் போகப் போக உள்ளூர்க் கூட்டாளிகளிடமே கொடுத்தாங்க. டீலர் வேறு பேரில் திரும்பி வந்துட்டார்னு சொல்லலாம்.

டீலர் சும்மா உட்கார்ந்து லாபம் பார்க்கிறவரா?

நம்மில் நிறைய பேருக்கு டீலர் மேல கோபம் உண்டு. 'ஹேண்ட்லிங் சார்ஜ்', கட்டாய ஆக்சஸரீஸ், அவரே திணிக்கிற இன்ஷூரன்ஸ்... கோபம் நியாயம்தான். ஆனா, அவர் செய்யுற சில வேலைகள் நம்ம கண்ணுக்கே தெரியாது. லாரியில் வந்த வண்டியை இறக்கி, நட்டு போல்ட்டு டைட் பண்ணி, பிரேக், லைட் எல்லாம் சரிபார்த்துத் தருவார். ஆர்.டி.ஓ பதிவை முடிப்பார். எது அடிக்கடி உடையும்னு தெரிஞ்சு, அந்த ஸ்பேர் பார்ட்ஸை முன்கூட்டியே வாங்கி அடுக்கி வெச்சிருப்பார். எல்லாத்துக்கும் மேல, அவர் ஊர்க்காரர். ரிப்பேர் சரியா பண்ணலைன்னா நீங்க கடை வாசல்ல போய் நின்னு சத்தம் போடலாம். பத்து பேர் பார்ப்பாங்க. அந்தப் பயம் அவருக்கு உண்டு.

டீலரைத் தூக்கிட்டா இந்த வேலைகள் மறைஞ்சு போகாது. எல்லாம் கம்பெனி தலையில ஏறும். விற்பனை மெதுவா வளர்ந்தா சமாளிச்சிடலாம். சிக்கல் என்னன்னா, ஒரு ஆப் மூலமா விற்பனையை ஒரே மாசத்தில் ரெண்டு மடங்கு ஆக்கலாம். ஆனா மெக்கானிக்கை டவுன்லோடு பண்ண முடியாது. அவருக்கு ஹை-வோல்டேஜ் பேட்டரியைக் கையாளக் கத்துத் தரணும், கருவி வாங்கணும், இடம் பிடிக்கணும்.

2024-ல் நடந்தது இதுதான். அந்த வருஷம் மார்ச்சில் மட்டும் 50,000-க்கும் மேல ஓலா ஸ்கூட்டர்கள் பதிவாச்சு. அதே வருஷம் சர்வீஸ் சென்டர் வாசல்களில் வண்டிகள் வரிசைகட்டி நிக்கிற போட்டோக்கள் சோஷியல் மீடியாவில் சுத்தினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அக்டோபரில் காமெடியன் குணால் கம்ரா அப்படி ஒரு போட்டோவைப் போட, நிறுவனர் பவிஷ் அகர்வால் கோபமா பதில் சொல்ல, விவகாரம் தேசிய அளவில் டிரெண்ட் ஆச்சு. அந்தச் சண்டையை விடுங்க, அது வெறும் வாய்த் தகராறு. அதே சமயத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அனுப்பிய நோட்டீஸ்தான் முக்கியம். 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு வந்த புகார்கள் 10,644. அதில் 3,389 புகார்கள் சர்வீஸ் தாமதம் பற்றியவை. டெலிவரி தாமதம் பற்றி 1,899. அதில் 99.1 சதவிகிதத்தைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பிறகு பதில் சொன்னது. சர்வீஸ் மையங்களை 1,000 ஆக உயர்த்துவோம், வெளி மெக்கானிக்குகளுக்கும் பயிற்சி கொடுப்போம்னும் அறிவிச்சாங்க. டிசம்பர் 25-ல் கடைகளின் எண்ணிக்கையை ஒரேயடியா 4,000 ஆக்கினதா சொன்னாங்க. ஷோரூமே வேண்டாம்னு தொடங்கின கம்பெனி அது!

அதுக்கப்புறம் மார்க்கெட் என்ன சொல்லுச்சு தெரியுமா? 2024 டிசம்பரில் எலெக்ட்ரிக் டூவீலர் விற்பனையில் பஜாஜ் முதலிடம். 2025 ஏப்ரலில் டி.வி.எஸ் முதலிடம். ரெண்டுமே தெருவுக்குத் தெரு டீலர் வெச்சிருக்கிற பழைய ஆளுங்க. அவங்க வண்டியில் தொழில்நுட்பம் ரொம்ப ஒசத்தின்னு இதுக்கு அர்த்தமில்லை. 'கெட்டுப்போனா எங்கே கொண்டுபோவேன்?'னு கேட்டா, கைகாட்ட ஒரு இடம் இருந்துச்சு.

ஆனா, டீலர் இருந்தா எல்லாம் பத்திரம்னும் நினைச்சுடாதீங்க. 2021-22-ல் இந்தியாவில் அதிக எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் விற்ற ஹீரோ எலெக்ட்ரிக் (ஸ்பிளெண்டர் தயாரிக்கிற ஹீரோ மோட்டோகார்ப் வேறு, இது வேறு) நாடு முழுக்க டீலர் வெச்சிருந்தது. மானியப் பிரச்னையில் சிக்கி, 2024 டிசம்பரில் திவால் நடைமுறைக்குள்ள போயிடுச்சு. கம்பெனியே தள்ளாடினா, டீலரால ஸ்பேர் பார்ட்ஸை வானத்துல இருந்தா கொண்டுவர முடியும்?

விலைப் பட்டியலில் ஒளிஞ்சிருக்கிறது

விளம்பரத்தில் தெரியுற விலை எந்த விலைன்னு முதல்ல கேளுங்க. மானியம் போக மீதியா? இன்ஷூரன்ஸ் சேர்த்தா? மத்திய அரசு மானியம் நிலையானது இல்லை. 2023 ஜூனில் ஒரு கிலோவாட் ஹவருக்கு 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆச்சு. 2024 அக்டோபரில் பி.எம். இ-டிரைவ் திட்டம் வந்தப்போ 5,000. அடுத்த நிதியாண்டில் அதுவும் பாதி. ஆறு மாசத்துக்கு முந்தைய யூடியூப் ரிவ்யூ சொல்ற விலையை நம்பி பட்ஜெட் போட்டா, கணக்கு உதைக்கும்.

அடுத்தது சார்ஜர். சார்ஜருக்குத் தனி பில் போடுறது ஒரு காலத்துல சகஜமா இருந்துச்சு. மானியத்துக்கான விலை வரம்புக்குள்ள வண்டியைக் காட்டத்தான் இந்த வேலைன்னு கேள்வி எழுந்து, 2023 மே மாசம் ஓலா, ஏத்தர், டி.வி.எஸ், ஹீரோ விடா நாலு பேருமே வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டாங்க. ஓலா மட்டும் சுமார் 130 கோடி ரூபாய். பழைய டீலர், புது ஆப்னு வித்தியாசமே இல்லை பாருங்க.

இப்போ அந்த இடத்தில் சாஃப்ட்வேர் பேக் வந்திருக்கு. வண்டியில் வசதி ஏற்கெனவே இருக்கும். ஆனா, நேவிகேஷன், சில ரைடு மோடுகள், கூடுதல் வாரன்டி எல்லாம் 'புரோ பேக்' வாங்கினாத்தான் திறக்கும். அடிப்படை மாடலின் விலையைப் பார்த்து ஆசைப்பட்டு, பேக் எல்லாம் சேர்த்தா மேல் மாடலின் விலைக்கே போயிடும். 'பேக் இல்லாம இந்த வண்டியில் என்னவெல்லாம் வேலை செய்யும்?' - இதைச் சேல்ஸ் சாட்டில் எழுத்துல கேட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

ரேஞ்ச் என்னும் மாயக்கணக்கு

2021 எஸ்1 புரோவை எடுத்துக்கோங்க. பேட்டரி 3.97 கிலோவாட் ஹவர். சான்றிதழில் 181 கி.மீ. நிஜத்தில் 135 கி.மீ-ன்னு கம்பெனியே பிறகு சொன்னது. ரெண்டுக்கும் நடுவுல 46 கி.மீ. சான்றிதழ் சோதனை, சிக்னலும் பள்ளமும் பின்னாடி உட்காரும் நண்பரும் இல்லாத சூழலில் நடப்பது.

நீங்களே கணக்கு போட ஒரு வழி இருக்கு. சாதாரணமா ஓட்டினா, ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 30 வாட் ஹவர் செலவாகும்னு வெச்சுக்கோங்க. 3 கிலோவாட் ஹவர் பேட்டரின்னா 100 கி.மீ. வேகமா ஓட்டுறவரா, ரெண்டு பேர் போறீங்களா... அதுல இன்னும் கால்பங்கு கழிச்சிடுங்க.

இதே கணக்கை வெச்சு செலவையும் பார்க்கலாம். தினம் 30 கி.மீ, மாசம் 26 நாள் ஓட்டினா 780 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு, 100 ரூபாய் விலையில், சுமார் 1,730 ரூபாய். எலெக்ட்ரிக்கில், சார்ஜிங்கில் வீணாவதையும் சேர்த்து 27 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய்னு தாராளமா போட்டாலும் 216 ரூபாய்தான். மாசம் 1,500 ரூபாய் மிச்சம். பெட்ரோல் வண்டியைவிட 30,000 ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கினாலும் 20 மாசத்தில் அந்தப் பணம் திரும்பிடும். அருமையான கணக்கு, பொய்யும் இல்லை. ஒரே நிபந்தனை, வண்டி ஓடணும். மூணு வாரம் சர்வீஸ் சென்டரில் நின்னா, பைக் டாக்ஸிக்கே மிச்சம் பிடிச்சதெல்லாம் போயிடும். ஃபுட் டெலிவரி பண்றவருக்கு அது மூணு வாரச் சம்பளம். இன்னொண்ணு, வீட்டு மின் கட்டணம் ரெண்டு மாசக் கணக்கு. ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி ஓடுற வீடுன்னா, கூடுதலா சேருற 54 யூனிட் உங்களை அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளும். அப்பாகிட்ட முன்னாடியே சொல்லிடுறது நல்லது.

தினம் 10 கி.மீ-தான் ஓட்டுறீங்கன்னா? மிச்சம் மாசம் 500 ரூபாய். அதுக்காக இவ்வளவு தலைவலி தேவையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. எனக்குத் தேவையில்லைன்னுதான் தோணுது.

புக் பட்டனைத் தொடும் முன்...

கூகுள் மேப்ஸில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரைத் தேடுங்க. ஷோரூமை இல்லை, சர்வீஸ் சென்டரை. ரிவ்யூக்களைப் புதுசு முதல்ல வர்ற மாதிரி வரிசைப்படுத்திப் படிங்க. அப்புறம், ஒரு திங்கட்கிழமை காலையில நேராவே போங்க. வெளியே எத்தனை வண்டி தூசியோட நிக்குதுன்னு பாருங்க. அங்கே காத்திருக்கிற ரெண்டு பேர்கிட்ட, 'அண்ணா, வண்டி விட்டு எத்தனை நாளாச்சு?'ன்னு கேளுங்க. நூறு யூடியூப் ரிவ்யூவில் கிடைக்காத பதில் அந்த அஞ்சு நிமிஷத்தில் கிடைக்கும். ஒரே பிராண்டுக்கு ஒரு ஊரில் நல்ல சர்வீஸ் சென்டரும் பக்கத்து ஊரில் மோசமான சென்டரும் இருக்கும். அதனால, 'இந்த பிராண்ட் நல்லதா?'ன்னு கேட்காம, 'எங்க ஊர்ல இந்த பிராண்ட் நல்லதா?'ன்னு கேளுங்க.

அடுத்தது சார்ஜிங். பெரும்பாலான வண்டிகளில் பேட்டரியைக் கழற்ற முடியாது. வாடகை வீட்டில், மூணாவது மாடியில் இருந்தா, கீழே பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் வேணும். அதுக்கு ஹவுஸ் ஓனர் சம்மதிக்கணும், அந்த லைன் உங்க மீட்டரில் இருந்து வரணும். ஹீரோவின் விடா வி1 மாதிரி சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோகலாம். கனம் இருக்கும், தூக்கிப் பார்த்துட்டு வாங்குங்க.

பாதுகாப்பு பத்தி ரெண்டு வரி. 2022 வெயில் காலத்தில் சில எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் தீப்பிடிச்ச வீடியோக்கள் வந்தப்போ, ஓலா 1,441 வண்டிகளைத் திரும்ப அழைச்சு சோதிச்சது. அதுக்குப் பிறகு அரசு பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ்.156 விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர், 2023 மார்ச் என ரெண்டு கட்டமா அமலுக்குக் கொண்டுவந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கினா, வண்டி அதுக்கு முந்தையதா பிந்தையதான்னு பாருங்க. ஓட்டி வந்த உடனே, பேட்டரி சூட்டோட சார்ஜ் போடாதீங்க.

வாரன்டியில் '8 வருடம், 80,000 கி.மீ'ன்னு போட்டிருக்கும். அதுக்குக் கீழே பொடி எழுத்தில், பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவிகிதத்துக்குக் கீழே போனா மாத்தித் தருவாங்கன்னு இருக்கும். 70 சதவிகிதம்னு தெளிவா எழுதியிருந்தா சரி. அந்த எண்ணே இல்லைன்னா உஷார். 'உற்பத்திக் குறைபாட்டுக்கு மட்டும்'னு இருந்தா, பேட்டரி மெதுவா தேய்ஞ்சு போறதுக்கு அவங்க பொறுப்பில்லைன்னு அர்த்தம்.

ஆப் போனா வண்டியும் போகுமா?

இதை நம்மூர்ல யாரும் பெருசா பேசுறதில்லை. நெதர்லாந்தில் வான்மூஃப்னு ஒரு எலெக்ட்ரிக் சைக்கிள் கம்பெனி. அவங்களும் நேரடி விற்பனைதான், அழகான டிசைன், எல்லாமே ஆப்பில். 2023 ஜூலையில் கம்பெனி திவால். சர்வரை நிறுத்திட்டா சைக்கிளைத் திறக்க முடியாதேன்னு பயந்த வாடிக்கையாளர்களுக்கு, போட்டிக் கம்பெனியான கௌபாய்தான் டிஜிட்டல் சாவியைச் சேமிச்சு வைக்க ஒரு ஆப் தயாரிச்சுக் கொடுத்தது. அடுத்த மாசமே வேறொரு நிறுவனம் வான்மூஃபை வாங்கிடுச்சு என்பது வேறு கதை.

அதனால டெஸ்ட் ரைடு போறப்போ ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வண்டியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. சாவியோ, ஸ்கிரீனில் பாஸ்கோடோ இருந்து வண்டி கிளம்பினா நிம்மதி. அப்புறம், ஊருக்குக் கிளம்புற அன்னிக்குக் காலையில சாஃப்ட்வேர் அப்டேட் போடுற வேலையெல்லாம் வேண்டாம்.

டெலிவரி வீட்டு வாசலுக்கே வருதுன்னா, டீலர் செய்யுற சோதனையை நீங்கதான் செய்யணும். கையெழுத்து போடும் முன் வீடியோ எடுத்துக்கிட்டே சுத்தி வாங்க. சேஸிஸ் நம்பரும் மோட்டார் நம்பரும் இன்வாய்ஸோட பொருந்துதா, ஓடோமீட்டர் எவ்வளவு, கீறல், பேனல் இடைவெளி, ரெண்டு பிரேக், எல்லா லைட், சார்ஜர் போட்டா சார்ஜ் ஏறுதா... பத்து நிமிஷம் போதும். டெலிவரி கொண்டுவந்த தம்பி அவசரப்படுத்துவார். பரவாயில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்து நிக்க வையுங்க.

சிக்கல் வந்துட்டா...

வண்டியை சர்வீஸுக்கு விடும்போது தேதி போட்ட ஜாப் கார்டு வாங்காம வீட்டுக்கு வராதீங்க. 'ஆப்பில் இருக்கும் சார்'னு சொன்னா, அங்கேயே ஸ்கிரீன்ஷாட். வாட்ஸ்அப் குரூப்பில் புலம்புறதால, எக்ஸ்ல டேக் பண்றதால சில சமயம் வேலை நடக்கும். ஆனா, சட்டப்படி செல்லுபடியாவது கம்பெனிக்கு நீங்க அனுப்புற இமெயில். ஜாப் கார்டு நம்பர், தேதி, என்ன கோளாறு, எத்தனை நாளா நிக்குது - நாலே வரி போதும்.

பதில் இல்லையா, 1915-க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் பதியுங்க. மேலே சொன்ன 10,644 புகாரும் அப்படிப் பதிவானவைதான். அதனாலதான் நோட்டீஸே போச்சு. அதுலயும் நடக்கலைன்னா நுகர்வோர் ஆணையம். ஆன்லைன்ல வாங்கினதால பெங்களூருக்குப் போய் கேஸ் போடணுமோன்னு பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்க வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ருதி தளத்தில் போன்லயே தாக்கல் பண்ணலாம். கேட்பது இன்வாய்ஸ், ஜாப் கார்டு, இமெயில், அந்த டெலிவரி வீடியோ... இவ்வளவுதான்.

ஒரு விஷயம், கேஸ் நடந்துட்டு இருக்குன்னு இ.எம்.ஐ-யை மட்டும் நிறுத்திடாதீங்க. லோன் கொடுத்த நிறுவனம் வேற, பைக் கம்பெனி வேற. ரெண்டு தவணை தவறினா அடிபடுவது உங்க சிபில் ஸ்கோர்.